வைகறைப் புறப்பாடும் வரிசையின் அழியாமையும்: நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கதவு திறக்கும் முன்பே போய் நின்றுவிட்டால் தீம் பார்க்கில் வரிசையே இருக்காது என்பது நம் குடும்பங்களில் ஆழ வேரோடிய நம்பிக்கை. இக்கட்டுரை அந்த நம்பிக்கையை நெல்லிக்குப்பத்தையும் நெய்வேலியையும் களமாகக் கொண்டு சோதிக்கிறது. வரிசை ஒழிவதில்லை, பூங்கா வாசலை விட்டுக் கிளம்பி வீட்டுக் குளியலறை வாசலில் வந்து நிற்கிறது என்பதே இதன் முடிபு. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டும் வழக்கமுள்ள ஆய்வாளர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

1. ஆய்வுக்களம்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே கரும்பு வயல் சூழ அமைந்த ஊர் நெல்லிக்குப்பம். இங்குள்ள பாரி சர்க்கரை ஆலை தன் தொடக்கத்தை 1842ஆம் ஆண்டில் வைத்துச் சொல்கிறது. ஆகவே, காத்திருப்பதால் என்ன கெடும் என்பது இவ்வூருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாடம். வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் எடை குறையும். சாற்றில் சர்க்கரையும் குறையும். அதனால்தான் ஆலை பதிவு வைத்து, முறை பார்த்து, 'கட்டிங் ஆர்டர்' கொடுக்கிறது. அந்த வெட்டு உத்தரவு வராமல் எந்த விவசாயியும் அரிவாளை எடுக்க மாட்டார். டிராக்டர்கள் முந்தியடித்து ஆலை வாசலை அடைப்பதைவிடக் கரும்பு வயலிலேயே நிற்பது மேல் என்னும் தெளிவு இது. வரிசையை வாசலில் நிறுத்தாமல் காகிதத்தில் நிறுத்தும் கலை என்று இதனைச் சொல்லலாம்.

இன்னொரு களமான நெய்வேலி இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். 1956இல் நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். அது முதல் டவுன்ஷிப்பின் தூக்கம், சமையல், சண்டை மூன்றும் ஷிப்டு பார்த்தே நடக்கின்றன. நைட் ஷிப்டு முடிந்து வந்தவர் பகலில் தூங்க, பிள்ளைகள் அரவமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்ட குவார்ட்டர்ஸ்கள் அவை. இருட்டில் எழுந்து, குறித்த நேரத்தில் போய்ச் சேர்வதில் இவ்வூராரை மிஞ்ச ஆளில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இவ்விரு ஊர்களிலும் பெரிய தீம் பார்க் எதுவும் இல்லையே என்று கேட்கலாம். இருந்திருந்தால் வைகறையில் புறப்பட வேண்டியிருக்காது. இந்த ஆய்வும் தோன்றியிருக்காது. மாவட்டத்து மக்கள் முன்பு வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்கும் தாம்பரம் கிஷ்கிந்தாவுக்கும் போனார்கள். இப்போது 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவைப் பற்றிப் பேசுகிறார்கள். வி.ஜி.பி.யில் யார் என்ன செய்தாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பார்க்கவே கூட்டம் கூடும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் அவர். அதே வேலையைப் பணம் கட்டிச் செய்தவர்கள் அவரைச் சுற்றி நின்று வியந்தார்கள்.

2. முன்னோர் ஆய்வுகள்

முந்துவது பற்றிய நம் பழைய கோட்பாடு பந்திக்கு முந்து என்பது. பந்தியில் இலைகள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை என்னும் கணக்கை அது சொல்லவில்லை. அந்தக் கணக்குக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங் என்னும் கணிதர், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதைக் கணக்கிட்டு வரிசையியலுக்கு வித்திட்டார். 1961இல் ஜான் லிட்டில் என்பவர் ஓர் எளிய விதியை நிறுவினார்: வரிசையில் நிற்போர் தொகை, ஆட்கள் வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஒரு சவாரி மணிக்கு 600 பேரை ஏற்றி இறக்குகிறது, முன்னால் 900 பேர் நிற்கிறார்கள் என்றால் உங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம். "நமக்கு முன்னாடி கொஞ்சம் பேருதான்" என்று எந்த மாமா சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியவர் வில்லியம் விக்ரி. குறுகிய வழி ஒன்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைய விரும்பினால் என்ன ஆகும் என்று 1969இல் அவர் ஆராய்ந்தார். சிலர் சீக்கிரம் கிளம்பித் தூக்கத்தை இழப்பார்கள். சிலர் சரியான நேரத்துக்கு வந்து நெரிசலில் நிற்பார்கள். சிலர் தாமதமாக வந்து பொழுதை இழப்பார்கள். எல்லாரும் தத்தம் கணக்கைப் போட்டு முடித்த பின் ஒவ்வொருவருடைய மொத்த இழப்பும் சமமாகிவிடும் என்றார். சீக்கிரம் வந்தவருக்கு லாபம் இல்லை. நஷ்டத்தை வேறு நாணயத்தில் கட்டியிருக்கிறார், அவ்வளவே. 1996இல் விக்ரிக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமானார்.

தமிழரின் அதிகாலை வருகைக்குச் சான்று தேட டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. 2023 பொங்கலுக்குத் 'துணிவு' இரவு 1 மணிக்கும் 'வாரிசு' விடிகாலை 4 மணிக்கும் திரைக்கு வந்தன. அந்தக் காட்சிகளுக்கும் வாசலில் கூட்டம் நின்றது. நான்கு மணிக்குக் கூட்டமே இல்லாத ஊர் என்று தமிழ்நாட்டை எண்ணுவோர் இந்தச் சான்றைக் கருதுக.

3. மருதத்திணையும் மாருதி வண்டியும்

தொல்காப்பிய நெறிப்படி வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அதற்குரிய சிறுபொழுது வைகறையும் விடியலும். உரிப்பொருள் ஊடல். கெடிலமும் பெண்ணையும் பாயும் இந்நிலப்பகுதியில் ஒரு குடும்பம் விடியலுக்கு முன் புறப்பட முனைந்தால் ஊடல் நிகழ்ந்தே தீரும் என்பது இலக்கணம். களத்தில் திரட்டிய உரையாடல் பின்வருமாறு:

"நாலு மணின்னு சொன்னீங்க. இப்ப மணி என்ன? நாலே முக்கால்."

"நான் ரெடியாதான் இருக்கேன். உங்க தம்பி பாத்ரூம விட்டு வந்தாதானே?"

"எங்க தம்பிய மட்டும் சொல்லுங்க. உங்க அக்கா இன்னும் எழுந்திரிக்கவே இல்ல."

"சரி, விடு. வண்டியில ஏறு."

"நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

கடைசி வரி ஊடலின் உச்சம். சங்கத் தலைவன் இவ்விடத்தில் பாணனைத் தூதனுப்புவான். புதல்வனே வாயிலாக நிற்பதும் உண்டு. இங்கும் மகன்தான் அனுப்பப்படுகிறான். "அம்மா, அப்பா ஸாரி சொல்றாரு, ஹாரன் அடிக்கவான்னு கேக்குறாரு" என்பது அவன் கொண்டுவரும் செய்தி.

புறப்படுவோரை நால்வகையாகப் பகுக்கலாம். முதல் வகையினர் முந்தின இரவே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு படுப்பவர்கள். இவர்கள் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இரண்டாம் வகையினர் "இதோ அஞ்சு நிமிஷம்" என்பவர்கள். இந்த ஐந்து நிமிடம் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படாது. மூன்றாம் வகையினர் தெருமுனை வரை வந்த பின் கேஸை அணைத்தோமா என்று கேட்பவர்கள். கேட்டது கேட்டதுதான், வண்டி திரும்பியாக வேண்டும். கேஸ் அணைந்தே இருக்கும். நான்காம் வகையில் ஒருவர்தான் உண்டு. அவர் எல்லாருக்கும் முன் எழுந்து புளியோதரை கிளறி, இட்லிக்குப் பொடி தடவி, ஃபிளாஸ்கில் காபி ஊற்றி, கடைசியாகக் குளிக்கப் போகிறவர். தாமதத்துக்குப் பழி ஏற்பவரும் இவரே.

கருதுகோள் இந்த இடத்தில் சரிகிறது. ஷிப்டு வேலையில் முப்பது வருடம் ஒரு நாளும் பிந்தாத நெய்வேலி மாமாவும் குடும்பத்தோடு கிளம்பும்போது ஒரு மணி நேரம் பிந்துகிறார். ஷிப்டுக்குப் போகும்போது தாம் ஒருவர்தான் எழுந்ததாக அவர் நினைத்திருந்தார். அவருக்கு முன்பே எழுந்து டிபன் கட்டியவர் இன்றும் அதே அடுப்படியில்தான் நிற்கிறார். டப்பாக்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

4. வழி

நெல்லிக்குப்பத்திலிருந்து திருப்போரூருக்கு இரு வழிகள். கடலூர், புதுச்சேரி, மரக்காணம், மாமல்லபுரம் என்று கடலோரமாகப் போவது ஒன்று. பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியே ஜி.எஸ்.டி. சாலை பிடித்துச் செங்கல்பட்டில் திரும்புவது மற்றொன்று. முன்னதைச் சொன்னால் புதுச்சேரிக்குள் மாட்டுவோம் என்பார்கள். பின்னதைச் சொன்னால் டோல்கேட் என்பார்கள். முதல் வழியைத் தேர்ந்த மச்சானும் இரண்டாம் வழியைத் தேர்ந்த சகலையும் வெவ்வேறு வண்டிகளில் வந்தால், முதலில் சேர்ந்தவர் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது மரபு.

எவ்வழி போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அன்றிலிருந்து டோல்கேட்டில் சில்லறைக்கு நிற்பதில்லை, பேலன்ஸ் இல்லாமல் நிற்பவருக்குப் பின்னால்தான் நிற்கிறோம். இரண்டாம் வழியில் போனால் மதுராந்தகம் பக்கம் டிகிரி காபிக் கடைகளில் இன்னொரு நிறுத்தம். அங்கும் கழிப்பறைக்கு ஒரு வரிசை உண்டு, அதுவும் பெண்கள் பக்கத்தில் மட்டும்.

5. வாசல்

நாலே முக்காலுக்குக் கிளம்பியவர்கள் எட்டு மணிக்கெல்லாம் சேர்ந்துவிடுகிறார்கள். பெரிய பூங்காக்கள் கதவு திறப்பது பத்துக்கும் பதினொன்றுக்கும். உள்ளே ஒன்றரை மணி நேரம் நிற்காமல் இருப்பதற்காக வெளியே இரண்டு, மூன்று மணி நேரம் நிற்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளியலில் பெயர் கிடைக்கவில்லை. குடும்பத்தில் இதற்குப் பெயர் பிளானிங். வெளிச் சாப்பாடு உள்ளே ஆகாது என்பதால் புளியோதரை வண்டி நிறுத்துமிடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. எட்டரை மணிக்குப் புளியோதரை தின்றவர் ராட்டின ரயிலில் தலைகீழாகத் தொங்கும்போது நிகழ்வது வேறு துறையின் ஆய்வுப்பொருள்.

பக்கத்து வண்டியில் இன்னொரு குடும்பம், அதற்கடுத்து இன்னொன்று. எல்லாரும் கூட்டம் வருமுன் வந்தவர்கள். கூட்டம் வருமுன் வந்தவர்களின் கூட்டம் இப்படியாக உருவாகிறது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அழைப்பாளர்களுக்கு மட்டும் என்று வைத்த நாளில், போலி டிக்கெட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். ஆக, தீம் பார்க்கில் முந்த நினைப்பவரை அந்தப் பூங்காவின் முதல் நாளிலேயே காணலாம்.

பின்னாளில் இதற்கு மருந்தாக வந்தது கூடுதல் பணத்துக்குத் தரும் விரைவுச் சீட்டு. நெரிசல் நேரத்துக்கு விலை வையுங்கள் என்று விக்ரி சொன்னதன் பூங்கா வடிவம் அது. நெல்லிக்குப்பத்துக்காரருக்கு இதில் உடன்பாடில்லை. காசு கூடக் கொடுத்தவனின் கரும்பை முதலில் அரைப்பது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்பார்.

6. வரிசை அழியாமை விதி

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இராப்பகலாகப் பம்ப் செய்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் தரையைப் பிளந்து மேலே வரும். வரிசையும் அப்படிப்பட்டது. பூங்கா வாசலில் அதை அமுக்கினால் வண்டி நிறுத்துமிடத்தில் எழும்பும். அங்கே அமுக்கினால் டோல்கேட்டில். அங்கும் அமுக்கினால் குளியலறைக் கதவில். ஆனால் ஒரு வேறுபாடு: நிலத்தடி அழுத்தம் இளகிய இடம் பார்த்து வெளியேறுகிறது, வீட்டில் அது எப்போதும் அடுப்படியில்தான் வெளியேறுகிறது.

இந்த இடத்தில் இவ்வாய்வு விக்ரியோடு மாறுபடுகிறது. அவருடைய கணக்கில் ஒவ்வொருவரும் தம் நேரத்தைத் தாமே தேர்ந்து, அதன் இழப்பையும் தாமே சுமக்கிறார்கள். அதனால்தான் இழப்புகள் சமமாகின்றன. குடும்பத்தில் நேரத்தைத் தேர்பவர் ஒருவர், அதற்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுபவர் வேறொருவர். "சீக்கிரம் போனதால வரிசையே இல்ல" என்று ஊர் திரும்பிச் சொல்பவர் சொல்வது உண்மையே. அவருடைய வரிசையில் இன்னொருவர் இரண்டரை மணியிலிருந்து நின்றுவிட்டார்.

7. பரிந்துரைகள்

ஒன்று: கதவு திறக்க அரை மணி முன்பு சேர்ந்தால் போதும். அந்த அரை மணிக்கு மேல் முந்துவதால் சவாரி கூடுவதில்லை. முதல் மணி நேரத்தில் சவாரிகள் காலியாக ஓடுவதே முந்துவதன் மொத்த லாபம்.

இரண்டு: உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் முதல் சவாரியில் எல்லாரும் நிற்பார்கள். கோடியில் இருப்பதற்கு முதலில் போகவும்.

மூன்று: மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடாதீர்கள். அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் நிற்பவர்கள்தான் சற்று முன்பு வரை சவாரிகளில் நின்றவர்கள்.

நான்கு: பள்ளி நடக்கும் செவ்வாய்க்கிழமை ஒன்று, எந்த வைகறையைவிடவும் மேலானது. பொங்கல் விடுமுறையில் எந்த யாமத்தில் கிளம்பினாலும் பயனில்லை.

ஐந்து: வீட்டுக்கும் வெட்டு உத்தரவு முறை வேண்டும். குளியலறைக்கு முந்தின இரவே முறை எழுதி ஒட்டுக. புறப்படும் நேரத்தை முடிவு செய்பவர் எவரோ, புளியோதரையும் அவரே கிளற வேண்டும். இந்த ஒரு விதி அமலுக்கு வந்தால் நாலு மணி ஏழு மணியாகிவிடும் என்று இவ்வாய்வு உறுதியாக நம்புகிறது.

8. ஆய்வின் எல்லை

1994இல் பிரையன் ஆர்தர் என்னும் பொருளியலர் ஒரு சிக்கலை முன்வைத்தார். கூட்டமில்லாத நாளில்தான் போவோம் என்று எல்லாரும் ஒரே கணிப்பை வைத்துக் கிளம்பினால், அந்தக் கணிப்பாலேயே கூட்டம் கூடிவிடும். மேற்கண்ட பரிந்துரைகளுக்கும் இது பொருந்தும். இக்கட்டுரையைப் பலர் படித்துவிட்டால், செவ்வாய்க்கிழமை அரை மணி முன்பு போய், கோடியில் உள்ள சவாரியில் எல்லாரும் மோதிக்கொள்வார்கள். ஆயினும் தமிழில் ஆய்வுக் கட்டுரை படிப்போர் தொகையை அறிந்தவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.