புயலுக்குப் பேர் நம்பிக்கை

ஸ்கூலில் படித்திருப்பீர்கள். 'நன்னம்பிக்கை முனையைக் கண்டுபிடித்தவர் யார்?' பார்த்தலோமியோ டயஸ் என்று எழுதினால் ஒரு மார்க். அந்த மார்க்கைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். ஆனால் முனையைத் தாண்டும்போது அந்த மனிதர் அதைப் பார்க்கவே இல்லை!

1488-ன் தொடக்கம். புயலில் சிக்கிய கப்பல்கள் தெற்கே, கரையே கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட்டன. புயல் ஓய்ந்ததும் டயஸ் கிழக்கே திருப்பிப் பார்த்தார். ஆப்பிரிக்காவைக் காணோம். அத்தனை பெரிய கண்டம் ஐயா, எங்கே போகும்? வடக்கே திருப்பினார். பிப்ரவரி 3-ம் தேதி, இன்றைய மொஸல் பே பக்கம் கரை வந்தது. மாடு மேய்ப்பவர்கள் தெரிந்தார்கள். நைட் பஸ்ஸில் அசந்து தூங்கி, விழுப்புரம் எப்போது போனது என்றே தெரியாமல் திண்டிவனத்தில் கண் விழித்த கதைதான்.

இன்னும் கொஞ்சம் போனால் இந்தியா என்று டயஸுக்கு ஆசை. மாலுமிகளுக்கோ, இன்னும் கொஞ்சம் போனால் சோறு தீர்ந்துவிடும் என்று கவலை. சோறு ஜெயித்தது. திரும்பி வரும் வழியில்தான் முனை தரிசனம் தந்தது. உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு, ரிட்டர்ன் டிரிப்பில்!

பட்ட பாட்டை மறக்காமல் டயஸ் வைத்த பேர், 'புயல் முனை'. லிஸ்பனில் உட்கார்ந்திருந்த போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜுவாவ் அதை 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றினார் என்கிறார் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ். மாற்றாமல் என்ன செய்வார்? மிளகு வியாபாரத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். 'புயல்' என்று போர்டு மாட்டினால் எவன் கப்பல் ஏறுவான்? ஏரிக்குள்ளேயே மனை போட்டுவிட்டு 'லேக் வியூ' என்று நோட்டீஸ் அடிக்கும் டெக்னிக்குக்கு வயது ஐந்நூறுக்கு மேல்.

வாஸ்கோ ட காமாவுக்குக் கப்பல் கட்டும் வேலையை மேற்பார்வை பார்த்தவரும் நம் டயஸ்தான். கேப்டன் பதவி மட்டும் காமாவுக்கு. கல்யாணத்துக்கு விடிய விடிய சமைத்தவருக்குப் பந்தியில் இலை இல்லை. 1500-ல் கப்ரால் என்ற தளபதியின் 13 கப்பல்களில் ஒன்றுக்குத் தலைவராகப் புறப்பட்டார். அதே முனைப் பக்கம் புயல் அடித்து நான்கு கப்பல்கள் மூழ்கின. டயஸின் கப்பலும் அதில் ஒன்று. பேரை மாற்றிய தகவல் புயலுக்குப் போய்ச் சேரவில்லை போல.

சரி, ஆப்பிரிக்காவின் தென்கோடியாவது இதுதானா? அதுவும் இல்லை! தென்கோடி, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அகுல்யாஸ் முனை. நன்னம்பிக்கை முனையில் இருக்கும் போர்டு கூச்சத்தோடு 'தென்மேற்குக் கோடி' என்கிறது. போட்டோவுக்கு க்யூவில் நிற்பவர்கள் யார் அதைப் படிக்கிறார்கள்?

கலங்கரை விளக்கம் கதை இன்னும் ஜோர். 1860-ல் பக்கத்து கேப் பாயிண்டில் ஏற்றினார்கள். உயரமாக இருந்தால்தானே நல்லது என்று கடலுக்கு 200 மீட்டருக்கும் மேலே, மலை உச்சியில். உச்சியை அடிக்கடி மேகம் மூடிக்கொள்ளும். விளக்கு மேகத்துக்கு வெளிச்சம் காட்டியது. கப்பல்கள் இருட்டில் வந்தன. 1911-ல் லூசிடானியா என்ற கப்பல் பாறையில் மோதியது. (1915-ல் டார்ப்பிடோவில் மூழ்கிய பிரபலம் வேறு லூசிடானியா.) எந்த நாட்டுக் கப்பல் என்கிறீர்கள்? போர்ச்சுகல்! அப்புறம்தான் கீழே இறங்கி, 87 மீட்டர் உயரத்தில் புது விளக்கு வைத்தார்கள்.

பழைய விளக்கு இன்னும் மேலேயே நிற்கிறது. அதைப் பார்க்க மலைச்சரிவில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அதற்குப் பேர் 'ஃபிளையிங் டச்மேன்'. இந்த முனையைத் தாண்ட முடியாமல் காலமெல்லாம் அலைவதாகச் சொல்லப்படும் பேய்க் கப்பலின் பேர் அது. இதை மட்டும் ராஜாவிடம் கேட்காமல் வைத்திருக்கிறார்கள்.