பேத்தியின் பெயர்

கேள்வி: விழுப்புரத்தில் பிறந்த என் பேத்திக்கு ‘விதன்ஷிகா’ என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். அர்த்தம் கேட்டால் மகனும் மருமகளும் கூகுளைக் கைகாட்டுகிறார்கள். உங்களுக்காவது தெரியுமா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: பேத்தி ரோகிணி நட்சத்திரமா? அப்படியென்றால் ‘வி’ பஞ்சாங்கம் கொடுத்தது. ‘ஷிகா’ எல்லாப் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் இருக்கிற வால். நடுவில் உள்ள ‘தன்’ மட்டும் பெற்றோரின் தன்முயற்சி!

பெயரைப் புதிதாகக் கட்டுவது தப்பில்லை. 1916-ல் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னாளில் ராமையா அன்பழகன் ஆனார். அவை கூப்பிட்டதுமே விளங்கின. பிறப்புப் பதிவில் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குள் உங்கள் வாயில் நுழைகிற பெயராக ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள், அம்மா.