நம்பர் போட்ட ராசாக்கள்

பிள்ளைக்குப் பேரு தேடி ராவும் பகலும் செல்போன நோண்டிக்கிட்டே கெடக்கியாமே மருமவனே, ஒங்க அத்த சொன்னா. ஊருல ஒருத்தனுக்கும் இருக்கப்படாது, எண் கணக்குக்கும் ஒத்து வரணும், டீச்சரம்மா கூப்பிட்டா நாக்கும் சுளுக்கப்படாதுன்னு நிக்கியாம். எதுக்குப்பா இம்புட்டுப் பாடு? ஜெர்மனியில துரிங்கியாப் பக்கம் ரொய்ஸ்னு ஒரு ராச வம்சம் இருக்கு. அவுக கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தேன்னா தொட்டில் கட்டுறதுக்குள்ள வேல முடிஞ்சிருக்கும். ஆம்பளப் புள்ளையா? ஹைன்ரிக். அடுத்ததும் ஆம்பளையா? அதுவும் ஹைன்ரிக். சித்தப்பன், அவன் மவன், ஒண்ணுவிட்ட அண்ணன், அத்தன பேரும் ஹைன்ரிக். நம்பரு மட்டுந்தான் மாறும்.

ஏன்னு கேளு. 1191-ல ரோமப் பேரரசனா முடிசூடின 6-ம் ஹைன்ரிக் இவுக முன்னோருக்கு ஏதோ பெரிய மனசு பண்ணினாராம். அந்த நன்றியில அவரு பேர புடிச்சவுகதான், இன்னும் விடல. இத்தனைக்கும் அந்தப் பேரரசன் லேசுப்பட்ட ஆளில்ல. சிலுவப் போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்புன இங்கிலாந்து ராசா ரிச்சர்ட, ஆஸ்திரியாக்காரன் புடிச்சுக் குடுக்க, வாங்கி உள்ள வச்சு, பெருந்தொகைய எண்ணி வாங்கிட்டு 1194-லதான் வெளிய விட்டாரு. ஆள் கடத்துனவன் பேரு நம்ம ஊருல எப்.ஐ.ஆர்.ல ஏறும். அங்க பரம்பரைக்கே ஏறிருச்சு.

இப்ப நம்பருக்கு வா, அதுலதான் கூத்தே இருக்கு. மத்த தேசத்துல நாற்காலியில உக்காந்தவனுக்குத்தான் நம்பரு. இங்கிலாந்துல 8 ஹென்றின்னா, எட்டு பேரு ஆண்டாகன்னு அர்த்தம். ரொய்ஸ் வீட்டுல அப்பிடியில்ல. ஆண்டவன், ஆளாதவன், தொட்டில்லயே கண்ண மூடினவன், எல்லாத்துக்கும் பொறந்த வரிசைக்கு ஒரு நம்பரு. வம்சமும் ரெண்டு கிளையாப் பிரிஞ்சு கெடந்துச்சு. கிரைஸ் ஊருல இருந்த மூத்த கிளை, 100 வரைக்கும் எண்ணிட்டு மறுபடி 1-ல தொடங்குவோம்னு வச்சுக்கிட்டாக. கேரா ஊருல இருந்த இளைய கிளையோ, நூற்றாண்டு பொறந்தா முதல்ல பொறக்குற புள்ளையில இருந்து புதுக்கணக்கு போடுவாக.

அதனால என்னாச்சுன்னா, கேராவுல ஆண்ட 67-ம் ஹைன்ரிக்குக்கு வாரிசு 14-ம் ஹைன்ரிக். பெத்த மவன்! அவரு மவன் 27. அப்பன் 67, மவன் 14, பேரன் 27. வயசு சொல்லுதேன்னு நெனச்சுக்கிடாதே, எல்லாம் பேரு. 67-க்கு முந்தி ஆண்டது அவரு கூடப்பொறந்த அண்ணன், 62. ஊடால இருக்க நாலு நம்பரு எங்கன்னு கேட்டா, அதெல்லாம் பங்காளி வீட்டுல பொறந்துருக்கும்.

பொம்பளப் புள்ளையளுக்கு மட்டும் இந்தத் தொல்ல இல்ல. கிரைஸ்ல ஆண்ட 22-ம் ஹைன்ரிக்குக்கு அஞ்சு பொண்ணு, ஒரே பையன். பொண்ணுகளுக்கு எம்மா, மரியா, கரோலினா, ஹெர்மினா, ஈடான்னு ஆசையாத் தேடித் தேடி வச்சிருக்காரு. பையன் பொறந்தப்ப ஒண்ணும் தேடல. ஹெர்மினாதான் பொறவு, நாட்ட விட்டு ஹாலந்துல போயி கெடந்த கெய்சர் வில்ஹெல்ம 1922-ல ரெண்டாந்தாரமா கட்டிக்கிட்ட அம்மா. அப்பன்காரருக்கு பிரஷ்யான்னாலே ஆகாது. கடைசியில மருமவனா வந்தவன் பிரஷ்யாவுக்கே ராசாவா இருந்தவன். நல்லவேள, அதப் பாக்க அவரு இல்ல. 1902-லயே போய்ச் சேந்துட்டாரு.

இதே வம்சத்துல 72-ம் ஹைன்ரிக்னு ஒருத்தர் லோபன்ஸ்டைன்-எபர்ஸ்டோர்ஃப்ங்கிற துண்டு நாட்ட ஆண்டாரு. யார்கிட்டப் பேசுனாலும் அவனவன் பதவிப் பட்டத்தச் சொல்லித்தான் கூப்பிடணும்னு 1844-ல ஒரு உத்தரவு போட்டாருன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிக்காக. எனக்கு அதுல சிரிப்பு வரல. வீட்டுல எழுபது பேருக்கு ஒரே பேருன்னா, மனுசன் பட்டத்தத்தானய்யா நம்புவான்? 1848-ல சனங்க கெளம்புனதும் பட்டத்தக் கழட்டி வச்சிட்டுப் போயிட்டாரு. கையில மிஞ்சுனது நம்பருதான்.

இது ரொய்ஸ் வீட்டு வியாதி மட்டுமில்ல, கேட்டுக்கோ. அந்தக் காலத்துல ஜெர்மனி பூராவும் கல்லெறிஞ்சா ஒரு ஹைன்ரிக் தலையிலதான் விழும். அதனால சனங்க அடையாளத்துக்குன்னு ஒரு வால ஒட்டி விட்டாக. 919-ல ராசாவா ஆனவருக்கு ‘பறவை புடிக்கிற ஹைன்ரிக்’. பவேரியாவுல ஒருத்தருக்கு ‘சண்டைக்கார ஹைன்ரிக்’. அந்தச் சண்டைக்காரருக்குப் பொறந்த ஹைன்ரிக், பேரரசரா இருந்து செத்ததுக்குப் பொறவு 1146-ல புனிதர் பட்டம் வாங்கிட்டாரு, பாரேன். வெல்ஃப்னு இன்னொரு வம்சத்துல அப்பன் ‘திமிர் புடிச்ச ஹைன்ரிக்’, மவன் ‘சிங்க ஹைன்ரிக்’. சிங்கந்தான் மியூனிக் ஊருக்கு அடி போட்டவரு. 1180-ல அத்த மவன், பேரரசர் பார்பரோசா, அவரு நாட்டயெல்லாம் புடுங்கி விட்டுட்டாரு. 4-ம் ஹைன்ரிக்குக்கு வாலே தேவையில்லாமப் போச்சு. 1077 சனவரிக் குளிர்ல கனோசாக் கோட்ட வாசல்ல மூணு நாளு போப்பாண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு நின்னாரு. அவரப் பத்திப் பேசணும்னா ‘வாசல்ல நின்னவரு’ன்னா போதும்.

பேரு ஒண்ணாருந்தா பாசம் வரும்னு ஒங்க பெரியப்பா சொல்லுவாரு, நம்பிராதே. பிரான்சுல 1587-ல மூணு ஹென்றி ஒருத்தனுக்கொருத்தன் கத்திய எடுத்தாக: ராசா 3-ம் ஹென்றி, கீஸ் பிரபு ஹென்றி, நவார் ஹென்றி. 1588-ல ராசா, கீஸ் ஹென்றியக் கொல்ல வச்சாரு. மறுவருசம் ஒரு துறவி ராசாவையே குத்திட்டான். மிஞ்சுன நவார் ஹென்றி 4-ம் ஹென்றியா உக்காந்தாரு; அவரையும் 1610-ல நடுரோட்டுல வச்சுக் குத்துனாக. சாமி கும்பிடயில மூணு பேரு வீட்டுலயும் ‘ஹென்றியக் காப்பாத்தும்’னு வேண்டியிருப்பாக. ஆண்டவருக்கும் கொழப்பந்தான் வந்திருக்கும்.

ரொய்ஸ் கதைக்குத்தான் நல்ல முடிவு. கிரைஸ்ல 22 போன பொறவு, அந்த ஒத்தப் பையன் 24-ம் ஹைன்ரிக்குக்கு ஆளுற சக்தி இல்ல, சின்ன வயசுலயே ஒடம்பு கெட்டுப் போச்சு. அவருக்குப் பதிலா நாட்டப் பாத்துக்கிட்டது யாரு? கேராவுல இருந்து 14-ம் ஹைன்ரிக். 1908-ல இருந்து 27-ம் ஹைன்ரிக். 1918 நவம்பர்ல ஜெர்மனி ராசாக்கள் அத்தன பேரும் எறங்குனப்ப இவுகளும் எறங்கிட்டாக. இளைய கிளையில பேரு மட்டும் தொடருது. 2022 டிசம்பர்ல அரசாங்கத்தக் கவுக்கச் சதி பண்ணுனதா புடிச்சு வச்சாங்கல்லா, அந்த வழக்குல இருக்க இளவரசர் பேரு 13-ம் ஹைன்ரிக். கோர்ட்டு விசயம், நமக்கெதுக்கு.

24 கலியாணம் கட்டாமலே 1927-ல காலமாக, மூத்த கிளை அதோட முடிஞ்சு போச்சு. நூறு வரைக்கும் எண்ணப் போறோம்னு கெளம்புன வீடு. மிச்சம் 76 நம்பரு புத்தம் புதுசா, ஒருத்தரும் தொடாமக் கெடக்கு மருமவனே. எண் கணக்கு பாக்கவன்தான நீ, 25-க்குக் கூட்டுத்தொகை ஏழு வருது, பரவால்லையா?