துருத்தி இழுத்த காலம்

எருத்தேன்பதியில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் பிள்ளைகள் நாங்கள் முதலில் விசாரிப்பது, வரப்போகிற மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் உண்டா என்பதைத்தான். 1956-இல் மாநிலம் பிரித்தபோது சித்தூர் தாலுகா கேரளத்தோடு போனாலும் எங்களுக்குப் பாட்டென்னவோ கோயமுத்தூரிலிருந்துதான் வேன் ஏறி வந்தது. பாடகர்களை விட்டுவிட்டு, அந்தக் கனத்த பெட்டியை மார்போடு மாட்டிக்கொண்டு நிற்பவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். வலக்கை கட்டைகளில் ஓட, இடக்கை பித்தான்களை அழுத்தியபடியே துருத்தியை இழுத்து மூடும். அது திசை மாறுகிற கணத்தைப் பார்த்தே முன்வரிசைப் பையன்கள் அடுத்த அடி வைப்பார்கள். கச்சேரி முடிந்ததும் கட்டைவிரலால் காற்றுப் பித்தானை அழுத்தி, சுரமே எழாமல் உஸ்ஸென்று பெட்டியை மூடி வாரைப் பூட்டுவாரே, அதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். உங்கள் ஊருக்கும் அப்படி ஒருவர் வந்திருப்பார்.

பக்கத்து எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் சென்னைக்குப் போய் மங்களமூர்த்தியின் அக்கார்டியனை எத்தனையோ பாட்டுகளில் இழைத்துவிட்டார். அந்த இடங்களை அப்படியே மேடையில் வாசித்துக் காட்டுகிறவருக்குத்தான் எங்களிடம் மதிப்பு. 1829-இல் வியன்னாவில் காப்புரிமை பெற்ற பெட்டி, நம் ஆர்மோனியத்துக்கு உறவுதான். இரண்டிலும் காற்று பட்டு அதிர்வது உலோக நாக்குகளே.

பிறகு கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் அக்கார்டியன், இன்னொன்றைத் தட்டினால் ஷெனாய். இப்போது அதுவும் போய், பென்டிரைவ் பாடுகிறது. சுருதி பிசகுவதே இல்லை. பார்க்கத்தான் மேடையில் ஒன்றுமில்லை.

ஆனால் அதே முன்னேற்றம் கைப்பேசி வழியாக எனக்கு பல்கேரியாவைக் கொண்டுவந்து சேர்த்ததையும் சொல்லத்தான் வேண்டும். சோபியாவில் 1924-இல் பிறந்து நாற்பது வயதிலேயே மறைந்த போரிஸ் கார்லோவ் என்ற மேதை, தன் நாட்டு ஊராட்டங்களுக்கு வாசித்ததைக் கேட்கும்போதெல்லாம் கால் தானாக ஆடுகிறது. ஒவ்வொரு சுரத்தின் மேலும் பொடிப்பொடியாக கமகம்போல் அசைவுகள், அத்தனை வேகத்திலும் ஒன்றுகூட மழுங்குவதில்லை.

போன நோம்பியில் தேநீர்க்கடை பெஞ்சில், தவில்காரர் காதருகே அதைப் போட்டுக் காட்டினேன். ராச்செனிட்சா என்ற ஆட்டம். தொடையில் தட்டிப் பார்த்தவர், "ஏழுங்ணா! நம்ம மிச்ர சாபுதானுங். நாம மூணும் நாலுமாப் போறோம், இவரு நாலும் மூணுமாப் போறாரு" என்றார். அடுத்ததாக பதினொன்றில் நடக்கும் கோபானிட்சாவைப் போட்டேன். இரண்டு, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, இரண்டு என்று அவர் பிடித்து முடிப்பதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்துவிட்டது. "ஒருக்கா மட்டும் முதல்லிருந்து போடுங்ணா" என்றார்.