ஏனாத்தூர் மெய்ப்பாட்டியல்

மனத்தில் எழுவது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அதை எட்டாகவும் வகுத்தார். அவர் காலத்தில் மழை சொன்ன மாதத்தில் பெய்திருக்க வேண்டும். வானிலையை மெய்ப்பாட்டுக்கு ஒரு காரணமாகச் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. அக்குறையை நிரப்ப எழுந்தது இந்நூல். ஆய்வுக்களம், காஞ்சிபுரம் மாவட்டத்து ஏனாத்தூரும் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களும். ஆய்வுமுறை, டீக்கடை பெஞ்சில் காது கொடுத்து உட்காருதல். “மனநலம் எப்படி?” என்று கேட்டால், “அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா” என்பார்கள். “இந்த வருஷம் மழை எப்படி?” என்றால் மனம் முழுதும் வெளியே வந்துவிடும்.

முதலாவது, அச்சம். பேய், விலங்கு, திருடன், அரசன் என்று அச்சத்துக்கு நான்கு காரணம் சொன்னது பழைய நூல். ஐந்தாவது, ரெட் அலர்ட். இது இருவகைப்படும்: நீரச்சம், நீரின்மை அச்சம்.

நீரச்சத்தின் இலக்கணம் கார்த்திகை மாதத்து நடுராத்திரியில் தெளிவாகும். கலங்கலில் தண்ணீர் போகும் சத்தம் கேட்கிறவரை ஆண்கள் டார்ச்சோடு ஏரிக்கரையில் நிற்பார்கள்; எங்கே கசிகிறது என்று காலால் தடவிப் பார்ப்பார்கள். வீட்டில் அம்மா ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக் மூன்றையும் பாலித்தீன் கவரில் சுருட்டி உத்தரத்து ஆணியில் மாட்டுவார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கவர் பல வீடுகளில் கோடையிலும் இறங்குவதில்லை. நோய்க்குறி அதுதான்.

2021-இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரைக் கேட்ட ஓர் ஆய்வில், 59 விழுக்காட்டினர் பருவநிலை குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பாலித்தீன் கவர் மாட்டும் வயதினரை அவர்கள் கேட்கவில்லை.

இரண்டாவது, மருட்கை. 2015 டிசம்பரில் ஏரி உடையுமோ என்று விழித்திருந்தவர், 2017 ஜனவரியில் அதே ஏரியில் ஆடு மேய்த்தார். 2016-இன் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. பதின்மூன்றே மாதத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு அச்சமும் வந்தால், எதற்குப் பயப்படுவது என்பதிலேயே குழப்பம் வரும். “என்னமோ போல இருக்கு” என்பது இதன் வழக்கு.

மூன்றாவது, அழுகை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இம்மாவட்டத்து நெல்லுக்கு மூன்று பட்டம். விதைப்பு, கடன், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்தப் பட்டத்தை நம்பித்தான் நாள் குறிக்கப்பட்டன. பட்டம் தவறினால் பயிரோடு நாட்காட்டியும் போய்விடுகிறது. ஊரை விட்டுப் போகாமலே ஊரை இழந்த இந்த ஏக்கத்துக்கு ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் ‘சோலாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது சுரங்கம் தோண்டிய பள்ளத்தாக்கு.

இந்த வகையில் நூலாசிரியருக்குச் சிரிப்பு வராது. டாம்மா கார்ல்டன் என்ற ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 59,000 தற்கொலைகளுக்கு வெப்ப உயர்வோடு தொடர்பு உண்டு. பயிர் நிற்கும் மாதங்களின் வெயில்தான் அந்த எண்ணிக்கையை ஏற்றியது. பயிரில்லாத மாதத்து வெயில் ஏற்றவில்லை. நடுவில் இருப்பது விளைச்சல், விளைச்சலுக்குப் பின்னால் கடன்.

நான்காவது, இளிவரல் என்னும் இழிவுணர்வு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காண்க. நெல்மணியைக் கடித்து, ‘நொறுக்’கென்ற சத்தத்தை வைத்துக் காய்ச்சல் பார்த்த பல் அது. இப்போது ஈரப்பதக் கருவி பார்க்கிறது. 17 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், “காய வெச்சு எடுத்துட்டு வாங்கண்ணா” என்பார்கள். வானம் மூடியிருக்க, எங்கே காய வைப்பது? நாலு பேர் முன்னால் குவியலைத் தார்ப்பாயால் மூடுகிறவர் ஒன்றும் பேசமாட்டார். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இதற்குக் கிளைவகை உண்டு: குழித்தறியில் நீர் ஊறிவிட்டால் நெசவாளர் வேலையின்றித் தறியைப் பார்த்துக்கொண்டிருப்பது.

ஐந்தாவது, வெகுளி. கத்திரி முடிந்தும் குறையாத வெயிலில், ராத்திரியிலும் சூடு விடாத காங்கிரீட் கூரையின்கீழ், கரண்ட் போன வீட்டில் பிறக்கும். தூக்கம் கெட்டவன் காலையில் மாட்டைத் திட்டுவான், மத்தியானம் மனைவியைத் திட்டுவான், சாயங்காலம் டாஸ்மாக் போவான். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் நிலை இன்னும் சிக்கல். சில மருந்துகள் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்வதைத் தடுக்கும். லித்தியம் எடுப்பவர் உடம்பில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகலாம். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆறாவது பெருமிதம், தேய்ந்துவரும் வகை. தட்டான் தாழப் பறப்பதையும் எறும்பு முட்டை தூக்குவதையும் பார்த்து மழை சொன்ன தாத்தாவிடம் இப்போது யாரும் கேட்பதில்லை. பேரன் கைப்பேசியில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பதிவைப் பார்க்கிறான். தாத்தாவும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

ஏழாவது நகை, எட்டாவது உவகை. இரண்டும் ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடும் காலையில் ஒன்றாகத் தோன்றும். சிறாருக்கு மட்டுமே உரியவை.

புறனடை. எட்டையும் வகுத்த பிறகு ஒன்று எஞ்சுகிறது: இவ்வளவையும் ஒவ்வொருவரும் தனித்தனியே சுமக்கிறார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைக்குப் பேர்போனவை. அங்கே ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. 360 நாள் பதவி. கரை கசிந்தால் கவலைப்பட ஊர் ஆள் வைத்திருந்தது என்று பொருள்.

அற்றேல் இன்று என் செய்வது எனின், அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. 2022 அக்டோபர் முதல் கட்டணமின்றி இயங்குகிறது. கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொலைபேசி தூர் வாராது. ஆகவே ஊருக்கு ஒரு கவலை வாரியம் வேண்டும் என்பது இந்நூலின் துணிபு. குடவோலைக்குச் சொன்ன பழைய தகுதிகளில் கால்வேலி நிலம் வேண்டும் என்பதை எடுத்துவிடலாம். நெல் நனைந்தால் முதலில் கூலி இழப்பவருக்கு நிலமே கிடையாது. பாலித்தீன் கவர் மாட்டும் பெண்களுக்குப் பாதி இடம். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதி மட்டும் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். தூர் வாரியதாக எழுதிய ஏரியும் தூர் வாரிய ஏரியும் மழைக்காலத்தில் ஒன்றல்ல. ஏரி ஆழமானால் இவ்வூரில் பாதிப் பேர் மாத்திரையில்லாமல் தூங்குவார்கள். மீதிப் பேரை மருத்துவர் நிதானமாகப் பார்க்கலாம்.