எலக்ட்ரோபோரசிஸ் ரிப்போர்ட்டைப் பார்த்து முறைப்படி பதறுவது எப்படி?

முதலில் நேரம். லேபிலிருந்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவு. டாக்டரைத் திங்கள் மாலைதான் பார்க்க முடியும். இந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது. உடனே திறக்கவும்.

உள்ளே ஒரு வரைபடம் இருக்கும். இடப்பக்கம் உயரமாக ஒன்று, அதையடுத்துக் குட்டை குட்டையாகச் சில மேடுகள். உயரமானதைப் பார்த்ததும் அலறலாம். அது ஆல்புமின், சீரத்தில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் அதுதான். உயரமாக இருக்கவேண்டியதும் அதுதான். குட்டையானால்தான் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ விசாரிக்க வேண்டிவரும். இதை இப்போதே தெரிந்துகொண்டால் இரவு நன்றாகத் தூக்கம் வந்துவிடும் என்பதால், தள்ளிப்போடவும்.

படம் எப்படி வந்தது என்று யாரிடமும் கேட்காதீர்கள், விளக்கிவிடுவார்கள். ஜெல்லில் சீரத்தைச் சொட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், காரக் கரைசலில் எதிர்மின்னூட்டம் ஏறிய புரதங்கள் நேர்மின்வாயைப் பார்த்து நகரும். ஆல்புமின் முந்திக்கொள்ளும், பின்னால் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா வரும்; காமா கிளம்பிய இடத்தருகிலேயே நின்றுவிடும். சுவீடனின் ஆர்னே டிசேலியஸ் 1937-இல் ஜெல் இல்லாமல் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே இப்படிப் பிரித்துக் காட்டினார். 1948-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நமக்கு எதற்கு அதெல்லாம்? நட்சத்திரக் குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஆல்ஃபா 2 வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறதா? நல்லது. போன வாரம் காய்ச்சலில் கிடந்ததை அடியோடு மறந்துவிட வேண்டும். உடம்பில் அழற்சி இருந்தால் ஹாப்டோகுளோபின் கூடும், அந்த மேடும் கூடவே எழும்பும் என்பது ஞாபகம் வந்தால் காரியம் கெட்டது.

அடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும். மொத்தப் புரதம் கூடியிருந்தால் ‘பருப்பை நிறுத்து’ என்று பெரியம்மாவும், குறைந்திருந்தால் ‘தினம் ரெண்டு முட்டை’ என்று மருந்துக்கடை மாமாவும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். காமா எதிர்ப்பொருள் சாம்பாரிலிருந்து வருவதில்லை என்று அங்கே போய் வாதாடக் கூடாது.

உண்மையில் விஷயமே அந்தக் காமாவில்தான். காசநோய், நாள்பட்ட கல்லீரல் நோய், முடக்குவாதம் போன்றவற்றில் பலவகைப் பிளாஸ்மா செல்கள் ஆளுக்கொரு எதிர்ப்பொருளைச் சுரக்கும்; மேடு அகலமாக வீங்கும். ஒரே ஒரு செல்லின் வம்சம் மட்டும் பெருகினால், ஒரே அச்சில் வார்த்தது போன்ற புரதம் ஒரே இடத்தில் குவிந்து கூர்மையாகக் குத்திட்டு நிற்கும். இதைத்தான் எம் ஸ்பைக் என்கிறார்கள். அகலமா, கூர்மையா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் படித்து, ‘மல்டிபிள் மைலோமா’ என்ற பிளாஸ்மா செல் புற்றுநோயைத் தட்டித் தேடுவது நம் வழக்கம்.

தேடும்போது ஒரு பத்தியை மட்டும் கவனமாகத் தாண்டவும். மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைல் 1978-இல் பெயர் வைத்த ஒரு நிலை, சுருக்கமாக எம்ஜியுஎஸ். ஸ்பைக் இருக்கும், மைலோமா இருக்காது. ஐம்பது வயது தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு உண்டு; அவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் பேருக்கே அது மைலோமாவாகவோ அதைச் சார்ந்த நோயாகவோ மாறுகிறது. ரத்தம் சரியாக உறையாமல் ஃபைப்ரினோஜன் தங்கிவிட்டாலும் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே பொய்க் கோடு விழும். இம்யூனோஃபிக்ஸேஷன் என்ற அடுத்தகட்டச் சோதனை செய்தால் குட்டு உடைந்துவிடும்.

கோடு சாதுவாக இருந்தால் நேர்எதிராகச் செய்யவும்: மாதக்கணக்கான முதுகெலும்பு வலியையும் ரத்தசோகையையும் மறந்து கேசரி கிளறவும். சில மைலோமாக்கள் லைட் செயின் எனும் சின்னத் துண்டுகளை மட்டுமே சுரக்கும். அவை சிறுநீரில் நழுவிவிடுவதால் இந்தப் படத்தில் தட்டுப்படாமலே போகலாம். அதனால்தான் டாக்டர் ஃப்ரீ லைட் செயின் டெஸ்ட்டும் எழுதினார். அதை ‘லேப்காரனோட கமிஷன்’ என்று நீங்கள் அடித்துவிட்டீர்கள்.

திங்கள் மாலை டாக்டர் கேட்கப்போவது ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம்; பழைய எலக்ட்ரோபோரசிஸ் இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, கூகுளில் எடுத்த பிரிண்ட் அவுட் கட்டுடன் போய் உட்காரவும். டோக்கன் வரும்வரை பக்கத்து ஸீட்காரரின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து ஆலோசனை சொல்லலாம். இரண்டு ராத்திரி படித்திருக்கிறீர்களே.