கடைந்தும் வராத தீ: கோளாறும் நிவாரணமும்

மறையூர், மூணாறு, நெல்லியாம்பதி என்று மலையேறுகிறவர்களிடம் இப்போது ஒரு புது விரதம் பரவியிருக்கிறது. தீப்பெட்டியைத் தொட மாட்டார்கள். கடைந்துதான் தீ மூட்டுவார்கள். வேண்டிய உருப்படி நாலே நாலு: ஒரு வில், அதன் நாணில் ஒரு சுற்றுச் சுற்றிய கடைகோல், கீழே அடிப்பலகை, மேலே அழுத்திப் பிடிக்கக் குழிவான கட்டை. வீடியோவில் ஒரு தாடிக்காரர் இரண்டே நிமிடத்தில் தணல் எடுத்துவிடுகிறார். உங்களுக்குப் பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால், கீழே உள்ளவற்றில் உங்கள் கோளாறு எது என்று பார்த்துக்கொள்ளவும்.

கோளாறு 1: புகை வரவில்லை, வியர்வைதான் வருகிறது.
மரத்தில் ஈரம். ஜூன் மாதத்து மூணாறில் கட்டை பொறுக்கினால், நீங்கள் கடைந்து எழுப்பும் சூடெல்லாம் அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர், மழை மறைவுப் பகுதி. இன்னும் கீழே சின்னாறு, முட்காடு. ஆகவே முதல் நிவாரணம், ஊரை மாற்றுவது. அதற்கு வசதிப்படாதவர்கள் கட்டையை ஒரு வாரம் விறகடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைக்கலாம். 'அடுப்பிலேதான் நெருப்பு எரியுதே, அப்புறம் எதுக்கு இது?' என்று வீட்டம்மா கேட்டால் பேச்சை மாற்றவும்.

கோளாறு 2: கீச் கீச் என்று சத்தம்.
கட்டை தேய்ந்து பளபளப்பாகிவிட்டது, அல்லது மரமே தப்பு. தேக்கு ஆகாது. சந்தனம் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். மறையூரில் அதைச் சீவ ஆரம்பித்தால் தீக்கு முன்னால் வனத்துறை வந்து சேரும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற காய்ந்த மென்மரம் தேடுங்கள்: இலவு, மட்டி மாதிரி. இந்த மட்டி கேரளத்திலிருந்து எல்லை தாண்டிப் போய்த் தீக்குச்சியாகிற மரம். 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு ஏறிய பிறகும் தீப்பெட்டி மலிவுதான் என்பதை விரதம் காக்கிறவர்கள் மறந்துவிடவும். மரம் சரியாக இருந்தும் கீச்சிட்டால், பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழியில் ஒரு சிட்டிகை மணல் போட்டு, கொஞ்சம் உடம்பைச் சாய்த்து அழுத்தவும்.

கோளாறு 3: புகை வருகிறது, ஆனால் மேலே வருகிறது.
உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் கட்டையில்தான் நீங்கள் தீ கடைந்துகொண்டிருக்கிறீர்கள். கடைகோலின் மேல் முனையைக் கூராக்கி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவவும். கேரளத்தில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்பதற்காகக் கீழ் முனையிலும் தடவிவிட்டால், அந்தக் கோலைக் காது குடையப் பயன்படுத்தலாம். வேறெதற்கும் ஆகாது.

கோளாறு 4: கடைகோல் தெறித்து முகத்துக்கு வருகிறது.
நாண் தளர்வு, கை பதற்றம். நாணை இறுக்கி, வில்லின் முழு நீளத்துக்கும் நிதானமாக இழுங்கள். கை பதறுகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். ஷொரணூரில் பாரதப்புழையைத் தாண்டினால் பாஞ்ஞாள். 1975 ஏப்ரலில் அங்கே நம்பூதிரிகள் நடத்திய அதிராத்திர யாகத்துக்கு அரணிக் கட்டையில்தான் தீ கடைந்தார்கள். வில் கிடையாது, கயிறுதான். ஒருவர் கோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். பரம்பரையாகச் செய்கிறவர்களே ஆள் சேர்த்துக்கொள்ளும் வேலையை, ஒரு கையில் செல்போனோடு தனியாகச் செய்ய முயல்வது தைரியம்தான்; நிவாரணம் அதற்கு இல்லை.

கோளாறு 5: தூள் நிறையச் சேர்கிறது, தணல் விழவில்லை.
தூளைக் கவனியுங்கள். எல்லாச் சேதியும் அதில்தான் இருக்கிறது. வெளிர்பழுப்பாக, சொரசொரவென்று இருந்தால் சூடு போதவில்லை, வேகத்தைக் கூட்டவும். கருகருவென்று, மிருதுவாக இருந்தால் மரமும் கையும் ஒத்துப்போய்விட்டன. ஆனால் அந்தத் தூள் சிதறினால் ஒன்றும் நடக்காது, ஓரிடத்தில் குவிய வேண்டும். அதற்காகத்தான் குழியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் வெட்டு விடுவது. அடியில் ஒரு காய்ந்த இலை வைத்தால் குவியல் அதில் விழும். கடைவதை நிறுத்திய பிறகும் அந்தக் குவியல் தானாகப் புகைந்தால், உள்ளே தணல் பிறந்துவிட்டது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் குதூகலத்தில் ஓங்கி ஊதி அத்தனையையும் பறக்கவிடுகிறார்கள். அரை நிமிடம் சும்மா இருங்கள். பிறகு பிரித்த தேங்காய் நாரிலோ, கூந்தற்பனை மட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பஞ்சிலோ அதைப் பொதிந்து மெல்ல ஊதுங்கள். சிக்கிமுக்கிக் கல்லில் தெறிக்கும் பொறியைப் பிடிக்கப் பழைய ஆட்கள் வைத்திருந்த பஞ்சு இதுதான். பாலக்காட்டுக் கணவாயில், அதுவும் ஆடி மாதத்தில் என்றால், நீங்கள் ஊதவே வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும்.

கோளாறு 6: தீ வந்துவிட்டது.
ஆறிலும் பெரியது இதுதான். "சாரே, பெர்மிஷன் உண்டோ?" என்று வாட்ச்சர் கேட்பார். 'ஆதிமனிதன் அனுமதி வாங்கினானா?' என்ற பதில் எடுபடாது. ரிசர்வ் வனத்தில் தீ மூட்டுவது 1961-ஆம் ஆண்டுக் கேரள வனச் சட்டப்படி குற்றம். கிண்டலை இங்கே நிறுத்திக்கொள்வோம். 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணி மலையில், காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப முடியாது.

ஆகவே உங்கள் வித்தையைக் காட்டுக்கு வெளியே, புல் செதுக்கிய வெறுந்தரையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலைத் தொட்டால் சுடவில்லை என்று ஆனபிறகு கிளம்புங்கள். ஒரு பகல் முழுக்கக் கடைந்து தீயை வரவழைத்தவருக்கு, அதை வழியனுப்பக் கால் மணி நேரம் கிடைக்காமலா போகும்?